இன்றைய பீர்க்காரர்

போர்ட் ஹாலம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் ஆட்டம் மாலை நான்கு மணிக்கு என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்தது. நான்கே முக்காலுக்கு வெர்னா ஷிமெக் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஆட்டம் எப்போது தொடங்கும் என்று கேட்டாள். அவர் மைதானத்தின் நடுவே நீண்டு நின்ற வரிசையைக் காட்டி, இன்னும் முதல் பந்தே முடியவில்லையே என்றார்.

முதல் பந்து என்பது ஒரு மரியாதை. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வந்து ஒரு பந்தை வீசிவிட்டுக் கையாட்டிப் போவார், அப்புறம் ஆட்டம் தொடங்கும். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்த மரியாதையை விலைக்குக் கொடுக்கலாமே என்று ஊர் அணியான கெளுத்திகளின் நிர்வாகத்துக்கு ஒருநாள் தோன்றியது. தோன்றியபின், ஒன்றோடு ஏன் நிறுத்த வேண்டும் என்றும் தோன்றியது. அன்று இருபத்து மூன்று பேர் முதல் பந்தை வீசினார்கள். கூரை பழுது பார்க்கிற கம்பெனியின் முதலாளி வீசினார். வங்கிக் கிளை மேலாளர் வீசினார். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவரும் வீசினார். பதினெட்டாவது முதல் பந்தை, ஒரு பல் மருத்துவமனையின் சார்பில், ஆளுயரக் கடைவாய்ப்பல் ஒன்று வீசியது. பல்லுக்குக் கை குட்டை. பந்து பாதி வழியிலேயே விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வெர்னாவும் தட்டினாள். வந்த இடத்தில் மரியாதை தெரியாதவள் என்று பேர் வாங்க அவளுக்கு விருப்பமில்லை. ஒன்பது மணி நேரம் தனியாகக் காரோட்டி வந்திருந்தாள். அயோவாவில் அவளுடைய மாவட்டத்தில் எடை, அளவு பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. பெட்ரோல் பம்பு ஒரு கேலன் என்று காட்டினால் ஒரு கேலன்தான் விழுகிறதா, கறிக்கடைத் தராசு ஒரு பவுண்டு என்றால் அது ஒரு பவுண்டுதானா என்று இருபத்தெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆட்டம் நான்கு மணிக்கு என்று போட்டுவிட்டு ஐந்து மணிக்குத் தொடங்குகிற ஊரை அவள் உள்ளூர மன்னிக்கவில்லை.

அவளுடைய ஒரே மகன் டாரன், வெளியூர் அணியான கல்லுடைப்போரில் இடதுகோடியில் நின்று ஆடுகிறான். வயது இருபத்தாறு. மேலே இருக்கிற பெரிய அணி எப்போதாவது கூப்பிடும் என்ற நம்பிக்கையில், சின்ன ஊர்களுக்கெல்லாம் பஸ்ஸில் போய் ஆடுகிற பிழைப்பு அது. ஐந்து வருடமாகக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை அவன் போன் செய்திருந்தான். திங்கட்கிழமை புதுப் பையன் ஒருவன் வருகிறான், அணியில் ஒரு இடம் காலியாக வேண்டும், தானா இன்னொருவனா என்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யப்போகிறார்கள் என்று சொன்னான். கடைசியாக, "வர்றதுன்னா ஞாயித்துக்கிழமை வாம்மா. அதுக்கப்புறம் நான் எங்க இருப்பேன்னு எனக்கே தெரியாது" என்றான். அவன் குரலில் அழுகை இல்லை. அதுதான் அவளைக் காரில் ஏற்றியது.

இருபத்து மூன்றாவது முதல் பந்து முடிந்ததும், ஊதா நிறக் கோட்டுப் போட்ட ஒருவர் மைக்கோடு மைதானத்துக்குள் ஓடிவந்தார். அவர் பெயர் பிரென்ட் லாம்கின். பதவி, மகிழ்ச்சித் துறைத் துணைத் தலைவர். கெளுத்திகள் அணியில் மகிழ்ச்சித் துறைக்குப் பத்தொன்பது பேர், பந்து பயிற்சி கொடுக்க மூன்று பேர். லாம்கின் இன்று தங்கள் அணி கெளுத்திகள் இல்லை என்று அறிவித்தார். இந்த ஒருநாள் மட்டும் அணியின் பெயர் வறுத்த ஊறுகாய்கள்; அந்த ஊரில் ஊறுகாய் என்றால் காடியில் ஊறிய முழு வெள்ளரிக்காய். தொப்பியில் ஊறுகாய், சட்டையில் ஊறுகாய். வீரர்கள் வெள்ளரிப் பச்சை நிற உடுப்பில் தலைகுனிந்தபடி மைதானத்துக்குள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஏழடி உயரத்தில் கைகால் முளைத்த ஊறுகாய் ஒன்று ஆடிக்கொண்டே வந்தது. அதற்குத்தான் வரவேற்பு பலமாக இருந்தது.

ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் இரண்டாவது இன்னிங்ஸில் டாரன் மட்டையோடு வந்தான்.

அதுவரை ஐயாயிரம் பேரும் ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் அணி முதல் ஓட்டம் எடுத்தபோது நாலு பேர்தான் கைதட்டினார்கள். அதில் ஒருவர் கொசு அடித்தவர். ஆனால் டாரன் வந்து நின்றதும் மைதானமே எழுந்து நின்றது. பெரிய திரையில் அவன் முகம் வந்தது. "ஷி-மெக், ஷி-மெக்" என்று குழந்தைகளும் கிழவர்களும் ஒரே குரலில் கத்தினார்கள். வெர்னாவும் எழுந்து நின்றாள். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட இவன் சொல்லவில்லையே, வெளியூரில் இவனுக்கு இப்படியொரு பேரா என்று நினைத்தாள். அவளையறியாமல் கண் நனைந்தது.

இருக்கைகளைத் துணியால் துடைத்துக்கொண்டு வந்த மைதான ஊழியர் வர்ஜில் டாக்கெட்டை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். டாக்கெட்டுக்கு எழுபத்து நாலு வயது. கண்ணாடித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்த ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டிக்கொண்டவர்.

"இங்க எல்லாருக்கும் என் பையனைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

டாக்கெட் அவளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். "உங்க பையனா அது?" என்று தொப்பியைக் கழற்றினார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவன் யாருன்னே இவங்களுக்குத் தெரியாது. எதிரணியில ஒருத்தனைத் தினமும் பீர்க்காரன்னு அறிவிப்பாங்க. அவன் மூணு வீச்சையும் விட்டு அவுட்டானா, பத்து நிமிஷத்துக்கு பீர் பாதி விலை."

வெர்னா திரையை மறுபடி பார்த்தாள். டாரன் தலைமேல் நுரை பொங்குகிற கோப்பை ஒன்றை வரைந்து வைத்திருந்தார்கள். கீழே 'இன்றைய பீர்க்காரர்' என்று எழுதியிருந்தது.

"அடிச்சிட்டான்னா?"

"அடிச்சிட்டான்னா முழு விலை."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, ஒன்பது பேர் ஆடுகிறார்களே, இவனை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டாள். டாக்கெட் துணியை உதறினார். அது கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்வது என்றார். யார் அவுட்டாக வாய்ப்பு அதிகமோ அவன் பேரைக் கொடுக்கும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நெற்றியைத் தடவிக்கொண்டார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த அவள் இருக்கையை மறுபடி துடைத்தார்.

டாரன் பந்தைத் தரையில் உருட்டி, ஓடிப்போய் மிதிக்க வேண்டிய முதல் பேஸை எட்டுமுன் அவுட்டானான். அது மூன்று வீச்சுக் கணக்கில் வராது. ஐயாயிரம் பேரும் "ச்சே" என்று உட்கார்ந்தார்கள். எதிரணிக்காரன் அவுட்டானதற்கு ஊர்க்காரர்கள் வருத்தப்படுவதை வெர்னா முதல்முறையாகப் பார்த்தாள். அவளுக்கு எந்தப் பக்கம் சேர்ந்து வருத்தப்படுவது என்று புரியவில்லை.

நல்ல மனசுக்காரர்கள் செய்கிற உபத்திரவம் தனி ரகம். பாவம் அந்தம்மா, நிழலில் நல்ல இருக்கையாவது கிடைக்கட்டும் என்று டாக்கெட் மேலே அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அடுத்த கால்மணி நேரத்தில் லாம்கின் ஊதாக் கோட்டோடு வெர்னா முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பதினோரு வருஷமா இந்தத் துறையில இருக்கேன் மேடம். பீர்க்காரரோட தாயார் நேர்ல வந்தது இதான் முதல் தடவ" என்றார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

வெர்னா தான் ஆட்டம் பார்க்க வந்ததாகச் சொன்னாள். லாம்கின் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, அதில் தப்பே இல்லை என்றார். பேஸ்பாலை அவர்கள் யாரும் எதிரியாக நினைக்கவில்லையாம். "மூணு மணி நேர ஆட்டத்துல பந்து நிஜமா அசையறது பதினெட்டு நிமிஷம். மிச்ச நேரத்துல ஜனங்க யாரை நம்பி உக்காந்திருப்பாங்க? நாங்க கணக்கெடுத்தோம் மேடம். வெளிய போறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தோரு பேருக்கு யாரு ஜெயிச்சான்னு தெரியல. பாக்கி ஒம்பது பேரையும் அடுத்த வருஷத்துக்குள்ள சரிபண்ணிடுவோம்."

பிறகு பதினொரு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். பந்தாலோ, மட்டையாலோ, வாணவேடிக்கையாலோ, வேடமிட்டவர்கள் காட்டும் அன்பாலோ ஏற்படும் காயங்களுக்குக் கழகம் பொறுப்பல்ல என்று அதில் இருந்தது. வெர்னா மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது லாம்கின், இருக்கை மூன்றாம் பேஸ் பக்கத்திலேயே, கம்பிவேலிக்கு உள்ளே, புல்தரையில் என்றார். மகனை இதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது. கடைசி ஆட்டமாக இருந்தாலும் இருக்கலாம். வெர்னா பேனாவை வாங்கிப் பதினொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

அது இருக்கை இல்லை, சிம்மாசனம். பீர்ப் பீப்பாய்களை அறுத்து ஒட்டிப் பொன்னிற வண்ணம் அடித்திருந்தார்கள். அவள் தோளில் 'பீர்க்காரரின் தாய்' என்று எழுதிய பட்டையைப் போர்த்தினார்கள். கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்கள். அவள் பழக்கதோஷத்தில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முக்கால் கோப்பைதான் பீர், மேலே நுரை. ஊரில் என்றால் கடைக்காரருக்கு நோட்டீஸ் போயிருக்கும்.

அதன்பின் ஒவ்வொரு இடைவேளைக்கும் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. தக்காளிச் சாறும், கடுகுச் சாறும், வெங்காயமும் ஓட்டப் பந்தயம் ஓடியபோது அவள்தான் நடுவர். வெங்காயம் ஜெயித்தது, கடுகு கள்ளாட்டம் என்று மேல்முறையீடு செய்தது, அதை விசாரிக்க மகிழ்ச்சித் துறையில் தனிக் குழு இருந்தது. நெற்றியை மட்டையில் முட்டிப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு ஓடுகிற போட்டியில் பள்ளிக்கூட முதல்வர் ஒருவர் நேராக ஓடிவந்து சிம்மாசனத்தில் மோதினார். இதெல்லாம் நடக்கும்போது ஊர் அணி வீரர்கள் ஓரமாக நின்று, எப்போது உள்ளே வரலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது இன்னிங்ஸில் டாரன் இரண்டாம் முறை வந்தான். அம்மா சிம்மாசனத்தில் இருப்பதைப் பார்த்ததும் ஒரு நொடி மட்டையைக் கீழே இறக்கினான். ஹெல்மெட்டை இழுத்து விட்டுக்கொண்டான். வெர்னாவுக்கு மானம் போயிற்று. பட்டையைக் கழற்றப் பார்த்தாள், பின்னால் ஊக்கு குத்தியிருந்தது. டாரன் இந்தமுறை ஓங்கி அடித்தான். பந்து வேலிவரை போய், வேலியடியில் பிடிபட்டது. ஆறடி தள்ளிப் போயிருந்தால் அவன் வேலை நிலைத்திருக்கும். கூட்டம் அவனைத் திட்டியது. பாதி விலையில் குடிக்கவிடாத பாவி என்று ஒரு பாட்டன் பேரனுக்கு அவனை அடையாளம் காட்டினார்.

லாம்கின் மைக்கோடு ஓடிவந்தார். "தாயே, மனசத் தொட்டுச் சொல்லுங்க. இன்னிக்கு நீங்க யார் பக்கம்? மகனா, பீரா?"

"மகன்" என்றாள் வெர்னா.

ஐயாயிரம் பேரும் ஊளையிட்டார்கள். லாம்கின் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். இந்தத் தாய் அரசாங்கத்துக்காகத் தராசு பரிசோதிப்பவர், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, நேர்மைக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள் என்றார். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் அவள் தொழிலை எழுதியிருந்தாள். கூட்டம் நேர்மைக்குக் கைதட்டியது. அதற்கும் விளம்பரதாரர் இருந்தார், ஒரு பழைய கார் வியாபாரி.

ஏழாவது இன்னிங்ஸ் வந்தபோது ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக இருந்தது. இதைக் கவனித்தவர்கள் குறைவு. ஆனால் ஏழாவது முடிந்தால் பீர்க் கடைகளை மூடிவிடுவார்கள் என்பது சட்டம், அதைக் கவனிக்காதவர்கள் யாரும் இல்லை. மூன்று பேர் அவுட்டானால் ஒரு அணியின் முறை முடியும், கல்லுடைப்போரில் இரண்டு பேர் அவுட். ஒரே ஒருவன் பாக்கி. அந்த ஒருவன் டாரன் ஷிமெக்.

இந்தக் கட்டத்துக்காக மகிழ்ச்சித் துறை குளிர்காலம் முழுக்க உழைத்திருந்தது. பீர்க் கம்பெனியோடு ஒப்பந்தம் உண்டு. மூன்றாவது வீச்சைத் தவறவிட்ட இரண்டு நொடிக்குள் கொண்டாட்டம் தொடங்கியாக வேண்டும். லாம்கின் கழுத்தில் ஒரு பொத்தான் தொங்கியது. அதை அழுத்தினால் எட்டு நுரைப் பீரங்கிகள் வெடிக்கும், சங்கு ஊதும், ஊறுகாய் மைதானத்துக்குள் பாயும், மைதானத்தின் நாலு காமிராக்களும் பீர் வரிசைப் பக்கம் திரும்பிக்கொள்ளும். ஒப்பந்தத்தில் காமிரா பற்றித் தனிப் பத்தியே இருந்தது.

டாரன் இரண்டு வீச்சைத் தவறவிட்டான். மக்கள் ஒரு காலைப் படிக்கட்டில் வைத்தபடி நின்றார்கள். அடுத்த பந்தை அவன் மட்டை நுனியால் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான்; அது மூன்றாவது வீச்சாகக் கணக்கில் வராது. அதற்கடுத்ததையும். இப்படி ஏழு பந்துகள். ஒவ்வொரு முறையும் ஐயாயிரம் பேர் கிளம்பினார்கள், ஐயாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். தோற்றுப்போகாமல் நிற்க ஒரு மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறானே என்று யாருக்காவது தோன்றியதா தெரியவில்லை. வெர்னாவுக்குத் தோன்றியது.

எட்டாவது பந்து நேராக வருவதுபோல் வந்து கடைசியில் குழிக்குள் விழுவதுபோல் இறங்கியது. டாரன் சுழற்றினான். மட்டை காற்றைத்தான் அடித்தது.

லாம்கின் பொத்தானை அழுத்தினார். ஒரு நொடிகூட ஆகவில்லை.

நுரை வானத்துக்கு எழும்பி, அடிக்கிற இடத்தின்மேல் மழையாக விழுந்தது. சங்கு ஊதியது. கூட்டம் முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டுகளில் ஓடியது. ஊர் அணியின் ஆட்டக்காரர்கள் வேலை முடிந்ததென்று தங்கள் கொட்டகையை நோக்கி நடந்தார்கள். ஊறுகாய் பாய்ந்துபோய், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்த கேட்ச்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டது.

ஆனால் பந்து கேட்ச்சர் கையில் இல்லை. தரையில் குத்தி, அவன் காலிடுக்கில் நழுவி, பின்னால் நுரைக்குள் உருண்டு போயிருந்தது. மூன்றாவது வீச்சைக் கேட்ச்சர் பிடிக்காமல் விட்டால், அப்போது இரண்டு பேர் அவுட்டாகியிருந்தால், மட்டைக்காரன் ஓடலாம். பந்து அவனைத் தொடும்வரை, அல்லது அவனுக்கு முன் முதல் பேஸுக்குப் போகும்வரை அவன் உயிரோடுதான் இருக்கிறான்; மூன்று பேஸையும் மிதித்துத் தொடங்கிய இடத்துக்கே திரும்பினால் ஒரு ஓட்டம். இந்த விதி பேஸ்பாலில் எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். எட்டு வயசில் டாரனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது வெர்னாதான்.

அவன் மட்டையை ஊன்றித் தலைகுனிந்து நின்றான். வெர்னா சிம்மாசனத்தின்மேல் ஏறி நின்றாள். கோப்பை உருண்டது.

"டாரன், பந்து கீழடா. ஓடு."

அவன் நிமிர்ந்தான். ஓடினான்.

முதல் பேஸைத் தாண்டும்வரை அவன் ஓடுகிறான் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாம் பேஸ்காரன் எதிரே நடந்து வந்தவன், அவன் வேகமாக எங்கோ போகிறான் என்று வழிவிட்டான். கேட்ச்சர் கத்தினான், ஊறுகாய் அதை ஆனந்தக் கூச்சல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இறுக்கியது. டாரன் இரண்டாம் பேஸை மிதித்துத் திரும்பி, நுரைப் படலத்துக்குள் புகுந்து, மூன்றாம் பேஸ் பக்கம் வெளிப்பட்டான். வாய் திறந்திருந்தது. கண் மட்டும் முன்னால் இருந்த இலக்கில் இருந்தது. வெர்னாவுக்கு எதிரே, பத்தடி தூரத்தில் அவன் கால் விழுந்ததை அவள் பார்த்தாள். பிறகு அவன் தொடங்கிய இடத்துக்கே வந்து, கடைசிக் கட்டத்தில் சறுக்கி விழுந்தான். கண்ணில் நுரை அப்பியிருந்த பெரிய அம்பயர், தன் கால்மேலேயே ஒருவன் வந்து விழுந்ததால், அதை மட்டும் பார்த்தார். இரண்டு கையையும் விரித்து, ஓட்டம் செல்லும் என்றார்.

பாதி விலைக் கோப்பைகளோடு மக்கள் திரும்பி வந்தபோது திரையில் மூன்றுக்கு இரண்டு என்று இருந்தது. யார் அடித்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். யாரும் அடிக்கவில்லை என்று டாக்கெட் சொன்னதை யாரும் நம்பவில்லை.

ஊர் அணியின் மேலாளர் தொப்பியைத் தரையில் அடித்துக்கொண்டு வந்தார். ஊறுகாய் குறுக்கிட்டது செல்லாது என்றார். அம்பயர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அது உங்கள் ஊறுகாய் என்றார். அப்படியானால் மட்டைக்காரன் மூன்றாம் பேஸை மிதிக்கவே இல்லை, மிதித்ததை யார் பார்த்தது என்று அவர் கேட்டார். அங்கேதான் சிக்கல் வந்தது. அந்த லீக்கில் இரண்டே அம்பயர்கள். ஒருவர் நுரைக்குள் இருந்தார், இன்னொருவர் முதல் பேஸ் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊர் அணியினர் ஒன்பது பேரும் முதுகைக் காட்டியிருந்தார்கள். கல்லுடைப்போர் அத்தனை பேரும் மிதித்தான் என்று சத்தியம் செய்தார்கள். அவர்கள் சத்தியம் கணக்கில் சேராது.

காமிராவைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வழக்கத்தில் இல்லைதான், வேறு வழியும் இல்லை. நாலு காமிராவிலும் பீர் வரிசை இருந்தது. ஒன்றில் வரிசையின் தலை, ஒன்றில் வால், ஒன்றில் ஒரு குழாய், நாலாவதில் நுரை அடங்குவது மிக நெருக்கமாக. லாம்கின் பெருமையோடு, "ஒரு கோப்பைகூட விட்டுப்போகல பாத்தீங்களா" என்று அம்பயரிடம் சொன்னார். அம்பயர் அவரை வெகுநேரம் பார்த்தார்.

பிறகு லாம்கினுக்கே அந்த யோசனை வந்தது. அவர் வாழ்க்கையில் ஆட்டத்தைப் பற்றி வந்த முதல் யோசனை அதுவாக இருக்கலாம். மூன்றாம் பேஸுக்குப் பத்தடியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் தராசு பார்க்கிறவள், பொய் சொல்ல மாட்டாள், அதை இந்த மைதானமே கைதட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. அவர் மைக்கை எடுத்துக்கொண்டு சிம்மாசனத்துக்கு வந்தார். இரண்டு அம்பயர்களும் பின்னால் வந்தார்கள். நாலு காமிராவும் முதல்முறையாக மைதானத்தின் பக்கம் திரும்பின. ஐயாயிரம் பேரும் கோப்பையைக் கையில் பிடித்தபடி அமைதியானார்கள்.

"தாயே, உங்க மகன் மூணாம் பேஸ மிதிச்சாரா?"

சாயங்காலம் முழுக்க அவளிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் தேவைப்பட்டிருக்கவில்லை. இதற்குத் தேவைப்பட்டது. வெர்னா நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. சொந்தத் தங்கை புருஷனுடைய பெட்ரோல் பம்புக்கே பூட்டுப் போட்டவள். மூன்று கிறிஸ்துமஸ் அவர்கள் இவளோடு பேசவில்லை. கொஞ்சம் தள்ளி டாரன் நின்றான். உடம்பெல்லாம் மண்ணும் நுரையும். அவன் அவளைக் கெஞ்சவில்லை, சும்மா பார்த்தான். இத்தனை பேரை, இத்தனை காமிராவை, இத்தனை சம்பளக்காரர்களை வைத்துக்கொண்டு, ஒருத்தர்கூட ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்த ஒருத்தி தலையில் இப்போது அத்தனையையும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. அவ்வளவு சுத்தமான கோபம் அவளுக்கு வெகுநாளாக வந்ததில்லை.

அவள் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு என்னங்க தெரியும்? எல்லாரையும் மாதிரி நானும் பீரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அப்புறம் ஐயாயிரம் கோப்பைகள் உயர்ந்தன. அன்றைய மாலையின் மிகப்பெரிய ஆரவாரம் அதுதான். கடைசியில் இந்தத் தாயும் நம் பக்கம் வந்துவிட்டாள் என்று அவர்கள் மகிழ்ந்து கத்தினார்கள். லாம்கின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிதிக்கவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை, ஓட்டம் செல்லும் என்றார் அம்பயர். ஆட்டம் அதே மூன்றுக்கு இரண்டில் முடிந்தது.

வெயில் சாய்ந்து வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. வெளிவாசலில் கல்லுடைப்போரின் பஸ் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றது. வெர்னா கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு காத்திருந்தாள். பையோடு தன்னிடம் வந்தால் வேலை போனது, பையோடு பஸ் பக்கம் போனால் நிலைத்தது என்று மனசுக்குள் வைத்திருந்தாள். டாரன் பையை ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு அவளிடம் வந்தான். தங்கள் அணி மேலாளர் பெட்டிட் கூப்பிட்டுப் பேசினார் என்றான். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. எல்லோரும் நடையைக் கட்டியபிறகும் ஓடுகிறவனை அனுப்பிவிட்டு நான் யாரை வைத்துக்கொள்வது, ஏறு பஸ்ஸில் என்று சொன்னாராம்.

வெர்னா அவன் காதோரம் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துவிட்டாள். அழுதுவிடுவோமோ என்று பயந்தாள், அழவில்லை. பஸ்ஸில் ஹாரன் அடித்தார்கள். டாரன் இரண்டு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தான். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு குனிந்தான்.

"அம்மா, மூணாம் பேஸ நான் மிதிக்கலம்மா."

"தெரியும். ஒரு சாண் தள்ளிப் போச்சு" என்றாள் வெர்னா. "நாளைக்கு ஒழுங்கா மிதி."